அப்புவின் படிவத்தில் ஒரு சொல்

அன்றைக்கு அந்த அரசாங்கக் கந்தோர் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். விசாரணை செய்ய வந்த அதிகாரி, அவர் சொல்லச் சொல்ல எழுதுகிற கிளாக்கர், என் தகப்பனாரான அப்பு, அக்காவின் புருஷனான அத்தான், நான். வராதவர்கள் மூன்று பேர். கந்தோர்க் கதிரையில் இருத்தினால் தன் வாய் சும்மா இராது என்று சொல்லி அம்மா வீட்டிலே நின்றுவிட்டா. கட்டாயம் வருகிறேன் என்ற பங்குச் சுவாமியார் ஒரு செத்தவீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாவது ஆள், அந்தச் சொல்லை எழுதிய டொக்டர். அவரை யாரும் கூப்பிடவே இல்லை.

சொல் இதுதான்: அடிக்டெட். பச்சை நிறப் படிவத்தின் கீழ்க்கோட்டில், நீல மையில், சாய்ந்த எழுத்தில் கிடந்தது. ஒன்றுக்கு அடிமைப்பட்டுப்போனவர், அது இல்லாமல் இருக்க ஏலாதவர் என்று அதற்குப் பொருள். அந்த ஒற்றைச் சொல்லுக்காக அப்பு பட்டினத்துக்கு வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்து, ஒரு கதிரை நுனியில் இருந்தார். கதிரையில் முழுக்கச் சாய்ந்து இருப்பது அவருக்குத் தெரியாது. பதினாலு வயதிலிருந்து வள்ளத்தின் பலகையில் இருந்து பழகிய மனிதர்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

குருநகரில் எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல். மிஷன் கல்லூரியில் இடம் கிடைத்து உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு ஆங்கிலத்தில் என்ன கடதாசி வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். சண்டையால் கடலில் தடை வந்து, எங்கள் வள்ளம் கரையில் கிடந்து வெயிலில் வெடித்த பிறகு, அப்புவுக்குத் தீவுக்குச் சனத்தை ஏற்றி ஓடுகிற அரசாங்க லோஞ்சில் சுக்கான் பிடிக்கும் வேலை கிடைத்தது. நாட்கூலி. இரண்டு வருஷம் பிடித்தார். ஒருநாளும் லோஞ்சைத் தரைதட்ட விடவில்லை. மூன்றாம் வருஷம், நிரந்தரமாக்குகிறோம், வைத்தியச் சோதனை செய்துகொண்டு வாரும் என்று அந்தப் பச்சைப் படிவத்தைக் கொடுத்தார்கள். நிரந்தரம் என்றால் மாதச் சம்பளம். லோஞ்ச் ஓடாத நாளுக்கும் சம்பளம். கிழவனான பிறகு பென்சன். எங்கள் பரம்பரையில் கிழவனான பிறகு ஒருவருக்கும் ஒருவரும் காசு கொடுத்ததில்லை.

டொக்டரிடம் நானும் போனேன். கல்லூரி வெள்ளைக் காற்சட்டையோடு கதவடியில் நின்றேன். அவர் ஒரு கையில் சிகரெட்டும் மறுகையில் குழாயுமாக அப்புவின் நெஞ்சைப் பார்த்தார். கண், காது, பல், முழங்கால் எல்லாம் திறம். பிறகு கேட்டார்.

"குடிக்கிறனீரோ?"

"ஓம் ஐயா."

"ஒவ்வொரு நாளுமோ?"

"தொழிலாலை வந்தால் ஓம்."

"எவ்வளவு?"

"ஆறு போத்தல் கள்ளு."

டொக்டர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அப்புவின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன செய்ய.

எங்கள் கரையில் இருக்கிற வழக்கம் தெரிந்தவர்களுக்கு அந்த ஆறு போத்தலின் கணக்கு விளங்கும். அப்புவின் வள்ளத்தில் ஆறு பேர். கரைக்கு வந்து மீனைக் கொடுத்துவிட்டால் ஆறு பேரும் கள்ளுத் தவறணைக்குப் போவார்கள். ஒரு நாளைக்கு ஒருவரின் முறை. முறைகாரன் ஆறு போத்தல் வாங்குவான். ஆளுக்கொரு போத்தல் குடித்துவிட்டு எழும்பிவிடுவார்கள். மறுநாள் அடுத்தவன் முறை. வள்ளம் போன பிறகும் அந்த ஆறு பேரும் அந்த முறையை விடவில்லை. ஒருவனிடம் "எவ்வளவு?" என்று கேட்டால் அவன் தன் முறையில் வாங்குவதைத்தான் சொல்லுவான். தான் குடிக்கிறதை ஒருவனும் எண்ணுவதில்லை. "அவன் ஒரு போத்தல்காரன்" என்று எங்கள் கரையில் சொன்னால், தன் முறை வருகிற அன்றைக்கு வயிற்றுக்குத்து என்று படுத்துவிடுகிற கஞ்சன் என்று அர்த்தம். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த மனிதர், படித்த ஒருவருக்கு முன்னால் "ஒரு போத்தல்" என்று தன்னைத் தானே கேவலப்படுத்துவாரா?

இதெல்லாம் எனக்குத் தெரியும். கதவடியில் நின்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆறு பேர் ஒரு வாங்குப் பலகையில் இருந்து பனையோலைப் பிளாவில் கள்ளுக் குடிக்கிற கதையை அந்த அறையில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. டொக்டர் எழுதினார். படிவத்தை மடித்து என்னிடம் தந்தார். வெளியில் வந்து நான் அதை விரித்துப் பார்த்ததும் அப்பு கேட்டார்.

"என்ன தம்பி எழுதிக் கிடக்கு?"

"எல்லாம் சரி அப்பு."

அந்தப் பொய்யை நான் சொன்னேன். இதை எழுதும்போது அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்று மாதம் கழித்துத் திணைக்களத்திலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. மதுவுக்கு அடிக்டெட் என்று வைத்திய அறிக்கை கூறுவதால் நிரந்தர நியமனத்துக்குத் தகுதியில்லை. மேன்முறையீடு செய்ய விரும்பினால் ஒரு மாதத்துக்குள் செய்யலாம். வீட்டில் எல்லோரும் சுற்றிநிற்க நான் வாசித்தேன். வாசித்து முடித்துக் கடிதத்தை மடித்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என் முகம் தெரியும்.

"தமிழிலை சொல்லு மோனை. பாம்பு கடிச்சவன் மாதிரி நிக்காதை."

"குடிக்கு... அடிமையானவர் எண்டு எழுதிக் கிடக்கு."

அம்மா முதலில் சிரித்தா. "உவர் கள்ளுக்கு அடிமையோ? அப்ப இவ்வளவு காலமும் இந்த வீட்டிலை நான் ஆருக்கு அடிமையாய்க் கிடந்தனான்? எனக்கு எந்த டொக்டர் கடதாசி எழுதுறான்?"

அப்பு சிரிக்கவில்லை. அவருக்குக் குடி என்ற சொல் பெரிதாகப் படவில்லை. குடிக்கிறார்தானே. மற்றச் சொல்தான் குத்தியது.

"அடிமையெண்டோ எழுதினவர்?"

"ஓம் அப்பு."

"அண்டைக்கு நீ சரியெண்டனி."

"ஓம்."

அவர் வேலியடிக்குப் போய் நின்று துப்பினார். அன்றைக்கு அவர் கன்னத்தில் ஒரு அறை தந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் கல்லூரி நூல்நிலையத்துக்குப் போனேன். பட்டினத்துப் பெரிய நூல்நிலையம் எரிந்த பிறகு, தடித்த ஆங்கில அகராதி என்று நான் கையால் தொடக்கூடியது அங்கே இருந்த ஒன்றுதான். தூக்கினால் ஒரு கருங்கல் பாரம். அதில் அந்தச் சொல்லுக்கு ஒரு பழைய கதை இருந்தது. உரோமாபுரியில் கடன் கட்ட முடியாதவனை நீதவான் கடன் கொடுத்தவனிடமே ஒப்படைத்துவிடுவாராம். அப்படி ஒப்படைக்கப்பட்டவனுக்கு வழங்கிய பேரிலிருந்துதான் இந்தச் சொல் வந்ததாம்.

அப்புவின் தகப்பன், வள்ளமும் வலையும் வைத்திருந்த ஒரு சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கி, அதைக் கட்ட ஏலாமல், சாகும்வரை அந்தச் சம்மாட்டியின் வலையைத்தான் இழுத்தார். வேறு வள்ளத்தில் கால் வைக்க முடியாது. அப்பு அந்தக் கடனைக் கட்டி முடித்துத்தான் தன் சொந்த வள்ளத்தை இறக்கினார். எங்கள் குடும்பத்தில் அடிமைப்பட்டவர் ஒருவர் உண்மையாகவே இருந்தார். அந்தக் கட்டை அறுத்த மனிதனுக்குத்தான் டொக்டர் அந்தப் பேரைக் கொடுத்திருந்தார்.

சொல்லே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. அது நல்ல சொல். அது பொருந்துகிற ஒருவரை எனக்குத் தெரியும். அப்புவின் தம்பி, என் சித்தப்பா. காலையில் அவருடைய கை, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க ஏலாமல் நடுங்கும். பெரிய வெள்ளிக்கிழமையும் குடித்தார். சித்தியின் தாலிக்கொடியையும் கொண்டுபோனார். விடவேண்டும் என்று அழுவார். அழுது முடித்துப் போவார். முப்பத்தாறு வயதில் செத்தார். அவருக்கு ஒரு டொக்டரும் ஒரு படிவத்திலும் அந்தச் சொல்லை எழுதவில்லை. எழுதியிருந்தால் மருந்து கொடுக்க யாராவது யோசித்திருப்பார்களோ என்னவோ. நோயாளியின் கட்டிலில் எழுதவேண்டிய சொல்லை எடுத்து, சுகதேகியின் சம்பளத்தை மறிக்கிற படலையாகப் போட்டிருந்தார்கள். என் கோபம் அதில்தான்.

என்ன அர்த்தம் என்று வீட்டில் விளக்கியபோது அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தா.

"விட வெளிக்கிட்டு விட ஏலாமல் போறவைக்குத்தானோ அந்தச் சொல்லு?"

"ஓம் அம்மா."

"அப்ப அது எனக்கெல்லோ. ஒவ்வொரு தவக்காலமும் போயிலையை விடுறனெண்டு நேந்து, மூண்டாம் நாள் தலையிடியிலை சுவாமியாரிட்டை ஓடுறது நான். உந்த மனிசன் விபூதிப் புதன் தொடங்கி உயிர்த்த ஞாயிறு மட்டும் தவறணைப் பக்கம் திரும்பியும் பார்க்காது. கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து பாக்கிறன்."

எங்கள் வழக்கு முழுவதையும் அம்மா அந்த நாலு வரியில் சொல்லிவிட்டா. நான் மேன்முறையீட்டை எழுத இருந்தேன்.

அத்தான் வந்து பக்கத்தில் குந்தினார். பட்டினத்தில் கடையொன்றில் வேலைக்கு நின்றபடியால் கந்தோர் வழிகள் அவருக்குத் தெரியும். "மச்சான், ஏன் உவ்வளவு வளைச்சு எழுதிறாய்? மாமா குடிக்கிறேல்லை எண்டு எழுது. சுவாமியார் ஒரு கையெழுத்து வைப்பார். முடிஞ்சுது கதை."

எனக்கும் அது சுகமாகத்தான் பட்டது. மதுபானத்தைக் கையாலும் தொடாதவர் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதி, அப்புவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"கிழி," என்றார்.

"அப்பு, இது ஒரு கடதாசிதானே."

"கையாலும் தொடாதவனெண்டால், என்ரை முறைக்கு வாங்கினது ஆர்? உன்ரை கொம்மாவோ? குடிக்கிறனான் எண்டு எழுது. குடிகாரன் இல்லையெண்டு எழுது. உது ரெண்டுக்கும் இடையிலை எவ்வளவு தூரமெண்டு இங்கிலீசிலை எழுதத் தெரியாட்டி உன்னை என்னத்துக்குப் படிப்பிச்சனான்?"

கிழித்தேன். திரும்ப எழுதினேன். வேலைக்கு முன் குடிப்பதில்லை. வேலை முடிந்தால் ஒரு போத்தல். ஆறு என்றது ஆறு பேருக்கு. வருஷத்தில் நாற்பது நாள் ஒரு சொட்டும் இல்லை. தனியார் டொக்டர் ஒருவரிடம் காட்டி, கை நடுக்கமில்லை, ஈரலில் பழுதில்லை என்று கடிதமும் வாங்கிச் சேர்த்தேன். முழுக்க உண்மையாக எழுதிய என் முதலாவது ஆங்கிலக் கடிதம் அதுதான்.

விசாரணை எண்பத்தேழாம் ஆண்டு தவக்காலத்தில் வந்தது. அப்பு மூன்று கிழமையாகக் குடிக்காமல் இருந்தார்.

அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. அதைச் சொல்ல வேண்டும். மேசையில் சிகரெட் பெட்டியை நிமிர்த்தி வைத்திருந்தார். நாங்கள் இருந்த நேரத்துக்குள் நாலு சிகரெட் முடித்தார். அந்தப் பெட்டியைப் பற்றி எந்தப் படிவத்திலும் ஒரு கோடும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு போத்தலோ, ஆறு போத்தலோ? ஒண்டைச் சொல்லும்," என்றார்.

அப்பு முறையைப் பற்றிச் சொன்னார். யாருக்குப் பின் யார், காய்ச்சல் வருத்தம் வந்தவனின் முறையை யார் எடுப்பது, செத்தவனின் முறையை மகன் எடுப்பது, எல்லாம் சொன்னார். கிளாக்கர் எழுதுவதை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார். அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது.

"சரி, நாற்பது நாள் விட்டிருக்கிறீர். அப்ப முழுக்க விட ஏலும்தானே?"

"ஏலும் ஐயா. ஏலுமெண்ட படியாலைதான் விடேல்லை."

கிளாக்கரின் சிரிப்பு நின்றது. அதிகாரி மேசை லாச்சியிலிருந்து தட்டச்சில் அடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். என்னைத்தான் பார்த்துக் கதைத்தார்.

"தம்பி, நீர் படிக்கிற பிள்ளை. மேலிடத்திலை இருக்கிறவை அந்தச் சொல்லை வெட்டமாட்டினம். டொக்டர் எழுதினது எழுதினதுதான். ஆனால் இதிலை கைநாட்டு வைச்சால் வழியிருக்கு. முந்தி அடிமைப்பட்டிருந்தனான், இப்ப விட்டிட்டன், இனித் தொடமாட்டன். ஆறு மாதம் பார்ப்பம். பிறகு நானே நிரந்தரத்துக்குச் சிபாரிசு செய்யிறன். வாசிச்சுக் காட்டும்."

வாசித்துக் காட்டினேன். அத்தான் மேசைக்குக் கீழே அப்புவின் காலில் தட்டினார். "மாமா, வையுங்கோ. மைப்பெட்டி கிட்டத்தான் கிடக்கு. ஒரு பெருவிரல்தானே."

"தவக்காலத்திலை விடுறது ஆண்டவருக்குக் குடுக்கிறது," என்றார் அப்பு. "அதைக் கந்தோருக்கும் குடுக்கச் சொல்லுறியோ?"

"அப்ப வேலை வேண்டாமோ?" என்று அதிகாரி கேட்டார்.

வேலை வேண்டும். அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். நான் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டால் பஸ் காசும் இல்லை. அப்பு பெருவிரலை மற்ற விரலோடு உரசிக்கொண்டே இருந்தார். பிறகு கதிரையில் திரும்பி என்னைப் பார்த்தார்.

"எனக்கு இங்கிலீசு தெரியாது தம்பி. நீ பெரிய புத்தகத்திலை எல்லாம் பாத்தனி. அந்தச் சொல்லு எனக்குப் பொருந்துமெண்டால் சொல்லு, வைக்கிறன். அண்டைக்கு மாதிரிச் சொல்லாதை."

அத்தான் கண்ணைக் காட்டினார். தலையை ஒருக்கால் ஆட்டினால் போதும். பென்சன் இருந்தது அந்த ஆட்டலில். ஆறு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும். அந்தத் தாள் ஒரு கோப்புக்குள் போய்ப் பூச்சி அரிக்கும். ஒருவரும் வாசிக்கப் போவதில்லை. ஆனால் நான் வாசித்திருந்தேன். வாசித்த ஒருவன் வீட்டில் இருக்கும்போது, தான் என்ன எழுதிக் கொடுத்தார் என்று அப்புவுக்குத் தெரியாது என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.

"பொருந்தாது அப்பு," என்றேன்.

அப்பு எழும்பினார். "பெடியன் பொருந்தாதெண்டுறான் ஐயா."

அதிகாரி எனக்கு ஆங்கிலத்தில், நீர் உம்முடைய தகப்பனின் சோற்றில் மண்ணைப் போடுகிறீர் என்ற மாதிரி ஒன்று சொன்னார். நான் தமிழில் பதில் சொன்னேன், அப்புவுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக. "டொக்டர் எழுதினதை வெட்டாட்டிப் பரவாயில்லை. அதுக்குக் கீழை அப்பு சொன்னதையும் எழுதுங்கோ. எழுதி வாசிச்சுக் காட்டுங்கோ. அதுக்குக் கைநாட்டு வைப்பார்."

அதை அவரால் மறுக்க முடியவில்லை. கிளாக்கர் எழுதினார். குடிக்கிறேன், முறைக்கு ஆறு போத்தல் வாங்குகிறேன், ஒன்று குடிக்கிறேன், யாருக்கும் எதற்கும் அடிமையில்லை. அவர் வாசித்துக் காட்ட, அப்பு பெருவிரலை மையில் தோய்த்து, கடதாசி கிழிகிற மாதிரி அழுத்தி வைத்தார்.

திரும்புகிற வழியில் அத்தான் பஸ்ஸில் எங்களோடு ஒரே சீற்றில் இருக்கவில்லை. பஸ்ஸின் பின்பக்கம் போய் நின்றார். வீட்டில் அம்மா நடந்ததைக் கேட்டா. வெற்றிலைப் பெட்டியை மூடினா, திறந்தா. "ரெண்டு பேரும் வடிவாய்க் கதைச்சிட்டு வந்திருக்கிறியள். உலையிலை கதையைப் போடுவமோ?" என்றா. ஒரு கிழமை எனக்குச் சோறு போடும்போது அகப்பை சத்தமாகத்தான் விழுந்தது. ஆனால் அந்த ஒரு கிழமைக்குள், ஒழுங்கையில் யாரோ அப்பு கைநாட்டு வைத்திருக்கலாம் என்று சொன்னபோது, வேலிக்கு மேலால் எட்டி அவர்களை ஏசியதும் அம்மாதான்.

தவறணையில் கதை பரவிவிட்டது. உயிர்த்த ஞாயிறு அன்று அப்பு உள்ளே போனதும், "அடிக்டெட் வாறார், வாங்கிலை இடம் விடுங்கோடா" என்று ஒருவர் எழும்பி நின்றாராம். அன்றைக்கு முறை வேறொருவருடையது. அப்பு அதைத் தன் முறையாக எடுத்து ஆறு போத்தல் வாங்கினார். ஒன்று குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வேலையை அவர்கள் பறிக்கவில்லை. நாட்கூலியாகவே விட்டார்கள். அடிக்டெட் என்று எழுதிய அதே மனிதனின் கையில் நூற்றுக்கணக்கான சனத்தைக் கொடுத்து, காற்றிலும் இருட்டிலும் தீவுக்கு அனுப்பினார்கள். அதில் மட்டும் ஒருவருக்கும் பயம் வரவில்லை. இந்திய அமைதிப்படைக் காலத்தில் லோஞ்ச் கிழமைக்கணக்காக நின்றது. நிரந்தரக்காரர்களுக்குச் சம்பளம் வந்தது, எங்களுக்கு வரவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் திரும்பச் சண்டை தொடங்கி, லோஞ்ச் முழுக்க நிற்கும்வரை அப்பு சுக்கான் பிடித்தார்.

போன மாதம், மண்ணெண்ணெய் வரிசையில் இரண்டு பேரும் நிற்கும்போது அப்பு கேட்டார். "தம்பி, அந்தச் சொல்லு எங்களுக்கு எவ்வளவு காசு முடிஞ்சுது? கணக்குப் பாத்தனியோ?"

பார்த்திருந்தேன். பார்த்ததை ஒளிக்கவில்லை. நிரந்தரக்காரருக்கும் கூலிக்காரருக்கும் மாதத்துக்கு இருநூற்றறுபது ரூபா வித்தியாசம், முப்பத்தெட்டு மாதம். லோஞ்ச் ஓடாத தொண்ணூற்றாறு நாளுக்கு, நாளுக்கு முப்பத்தைந்து. தனியார் டொக்டருக்கும் தட்டச்சுக்கும் முத்திரைக்கும் நூற்றிருபது. பென்சனை நான் சேர்க்கவில்லை, அது எத்தனை வருஷத்துக்கு என்று அப்புவின் ஆயுளை நான் எண்ண மாட்டேன்.

"எல்லாமாய்?" என்றார், மண்ணெண்ணெய்க் கானை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு.

"பதின்மூவாயிரத்து முந்நூற்றறுபது ரூபா, அப்பு."